இடப்பக்கத்துக் காலடிகள்

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. இதுவரை ஆறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு முறை செத்திருக்கிறாள்.

இது ஆட்டம் வைத்திருக்கும் கணக்கு. கணினியில் உள்ளே நுழைந்ததும் பட்டப்பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் காட்டும். மூன்று வருடம் அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாகாமல் விளையாடுவது யார்? செத்தால் பத்து விநாடியில் எழுந்து மறுபடி ஓட வேண்டியதுதான். ஆனால் அந்த எண்ணிக்கையின் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ எல்லாச் சாவும் ஒரே பக்கத்திலிருந்து வந்திருந்தது. அதை முதலில் கவனித்தவன் அவளுக்கு வேண்டியவன் அல்ல. அவளை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தவன்.

பகலில் அவளுக்கு வாடகைக் கார் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஜன்னல் இல்லாத அறை. நான்கு மேசை, நான்கு திரை, சொட்டுகிற ஏசிக்குக் கீழே ஒரு நீல வாளி. பதினெட்டு வருடமாக ஓட்டுநர்களை எண் சொல்லி அழைத்து, எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, எங்கே போக வேண்டும் என்று சொல்லி வருகிறாள்.

"பதினேழு, பாலம் ஏறிட்டீங்களா? ஏறாதீங்க. கீழ்வழியா வாங்க."

பதினேழு "கீழ்வழி" என்று திருப்பிச் சொல்லும்வரை அடுத்த எண்ணுக்குப் போகமாட்டாள். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பது அந்த அறையின் சட்டம். தலையில் மாட்டும் ஹெட்செட் ஒற்றைக் காதுக்கானது. வலது காதில் ஓட்டுநர்கள். இடது காது அறைக்கு. மேற்பார்வையாளர் கூப்பிட்டால் இடது காதில்தான் விழ வேண்டும். கொஞ்ச காலமாக அவர் இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

"என்ன மேடம், சீனியர் ஆனதும் கொம்பு முளைச்சுடுச்சா?"

"இல்ல சார், லைன்ல இருந்தேன்."

லைனில் யாரும் இல்லை என்பது அவளுக்கே தெரியும். கவனம் சிதறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். வயது ஏறுகிறது, தூக்கம் சரியில்லை. காரணத்துக்கா பஞ்சம்?

ஆட்டத்துக்குள் அவளை இழுத்துவிட்டது மகள். படிப்புக்காக வேறு ஊர் போனபோது, "அம்மா, போன்ல என்ன பேசறது? சாப்டியா, தூங்குனியான்னு கேட்டுட்டு வச்சிடுவீங்க. இதுல வாங்க, தினமும் ஒரு மணி நேரம் சேர்ந்து இருக்கலாம்" என்று சொல்லிக் கணினியில் எல்லாவற்றையும் ஏற்றிவைத்துவிட்டுப் போனாள். ஆறு மாதத்தில் மகளுக்கு அலுத்துவிட்டது. அம்மாவுக்கு அலுக்கவில்லை.

ஆறு பேருக்கு ஆறு பேர் மோதும் ஆட்டம். ஆளில்லாத ஊர் ஒன்றில் தண்ணீர் ஏற்றும் நிலையம் இருக்கிறது. ஓர் அணி அதைப் பிடிக்க வேண்டும், மற்ற அணி காக்க வேண்டும். தெருக்கள் குறுகல், சுவர்கள் உயரம். எதிரி கண்ணில் படுவதற்குள் காலடிச் சத்தம் கேட்டுவிடும். காதில் இரண்டு பக்கமும் ஹெட்போன் மாட்டி, சத்தம் எந்தப் பக்கம் என்று பிடித்துத் திரும்புகிறவர்தான் பிழைப்பார். இதில் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம்.

சுடுவதில் அவள் சுமார்தான். ஆனால் யார் எங்கே நிற்கிறார், யார் தனியாக மாட்டப்போகிறார் என்பதை ஒரு பதற்றமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். "மூணாம் தெருவுல ரெண்டு பேர். மைக்செட், பின்னாடி வாங்க. திருப்பிச் சொல்லுங்க." தொழில் புத்தி. அதனால், இன்னொருவனுக்கு மைக்செட் என்பது போல, அவளுக்குக் கன்ட்ரோல் அக்கா என்று பட்டப்பெயர்.

அந்தக் குழுவுக்கு லேட் பார்ட்டி என்று பெயர். நாடு நாடாகச் சிதறிக் கிடக்கும் தமிழ் பேசுகிறவர்கள் இருபது இருபத்தைந்து பேர்; வேலை முடித்து, குழந்தையைக் குளிப்பாட்டி, யாராவது ஒருவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார்கள். குழுவை நடத்தியது ஒரு நூலகர், வார்டன் என்று பட்டப்பெயர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது: ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொருவரும் செத்த காட்சியைப் பதிவிலிருந்து ஓட்டிப் பார்ப்பார்கள். சாவுப் பாடம். செத்தவர் முதலில் பேச வேண்டும். பிறகு மற்றவர்கள் அடுத்த முறை என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். கேலி கூடாது என்பது விதி. வெற்றி தோல்வியைவிட அந்த அரை மணி நேரத்துக்காகவே அவள் அலுவலகத்திலிருந்து அடித்துப் பிடித்து வீடு வந்து சேருவாள்.

விதியை மதிக்காத ஒருவன் இருந்தான். பட்டப்பெயர் புயல். குழுவிலேயே குறி தப்பாத கை அவனுடையது. அவன் இருந்தால் ஜெயிப்பார்கள். அதனால் அவன் வாயை எல்லாரும் சகித்துக்கொண்டார்கள்.

"ஏ கிழவி, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? பக்கத்துல வந்து நிக்கிறான், பொம்மை மாதிரி நிக்கிற!"

"கேக்கலப்பா."

"கேக்கலையாம்! இங்க என்ன கதாகாலட்சேபமா நடக்குது? போ, போய்ப் பாத்திரம் தேய். இதெல்லாம் உனக்கு எதுக்கு?"

வார்டன் தனியே செய்தி அனுப்புவாள்: "அக்கா, அவனை ம்யூட் பண்ணிடுங்க. மனசுல வச்சுக்காதீங்க." எல்லாரும் சொல்லும் யோசனை அதுதான். அவளும் செய்து பார்த்தாள். ஏச்சு நின்றது, கூடவே அவன் சொல்லும் நல்ல தகவலும் நின்றது, அணி தோற்றது, தோற்றதற்கும் அவள்தான் காரணம் என்றாயிற்று. மறுபடி அவன் குரலைத் திறந்துவிட்டாள். வேறு வழி?

அவளுக்கு வலித்தது வேறொன்று. தும்பி என்று ஒரு புதுப் பெண் வந்திருந்தாள், தாதிப் பயிற்சியில் இருப்பவள். இரண்டு வாரம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சுவரில் சாய வேண்டும், எப்போது ஓடக் கூடாது என்று கன்ட்ரோல் அக்கா சொல்லிக் கொடுத்தாள். தும்பிக்குச் சிரிப்பு அதிகம். செத்தாலும் சிரிப்பாள். ஒரு சாயங்காலம் அவள் புயலின் அணியில் மாட்டினாள். அவன் என்ன சொன்னான் என்பதைக் கேட்டவர்கள் பிறகு யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. தும்பி பாதி ஆட்டத்தில் வெளியே போனாள். அதோடு வரவே இல்லை.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். கணினி மேசைக்கு இடது பக்கம் அவருடைய நாற்காலி. அங்கிருந்து கூப்பிட்டால் அவள் திரும்புவதே இல்லை.

"நாலு தடவை கூப்பிட்டாச்சு."

"எப்போ?"

"இப்போதான். அந்தப் பொம்மைச் சண்டை வந்ததுலேருந்து நாங்கெல்லாம் உனக்கு வேத்தாள் ஆயிட்டோம்."

"சும்மா சொல்லாதீங்க. நீங்க கூப்பிடவே இல்ல."

"அப்போ நான் பொய் சொல்றேன்."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆட்டம் தன் மூளையை என்னவோ செய்துவிட்டது என்று அவளும் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் அந்தக் காணொளி வந்தது. புயல் தன் ஆட்டங்களை எல்லாம் பதிவு செய்து வைப்பவன். அவற்றிலிருந்து அவள் சாகும் காட்சிகளை வெட்டி ஒட்டி, சர்க்கஸ் இசை போட்டு, குழுவின் பக்கத்தில் ஏற்றியிருந்தான். தலைப்பு: கிழவிக்கு இடப்பக்கம் கிடையாது. கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள்.

மகள் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, ஒண்ணு அனுப்புவாங்க. பாக்காதீங்க."

வைத்ததும் பார்த்தாள். மதிய உணவு நேரம், கட்டுப்பாட்டு அறையின் பின்கட்டில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு.

பச்சைச் சட்டை போட்ட ஓர் உருவம் சுவரோரம் நிற்கிறது. அது அவள். இடப்பக்கச் சந்திலிருந்து எதிரி வருகிறான். பதுங்கிக்கூட வரவில்லை, கையில் கத்தியோடு, கடைக்குப் போகிறவன் மாதிரி நடந்து வருகிறான். அவள் நேராகப் பார்த்தபடி நிற்கிறாள். குத்து. அடுத்தது. மாடிப்படி. இடப்பக்கம். குத்து. அடுத்தது. ஆறு நிமிடம் இப்படியே ஓடியது. அவமானம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது குழப்பம். போனின் சின்ன ஒலிபெருக்கியில், சர்க்கஸ் இசைக்கும் மேலே, தட் தட் தட் என்று காலடி கேட்டது. ஒவ்வொரு காட்சியிலும் கேட்டது. ஆடும்போது அதில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை.

இவ்வளவு சத்தமாகவா வந்தான்?

இதற்கும் ஹெட்போன்தான் காரணம் என்று முடிவு கட்டினாள். ஆடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். கை நடுங்கினால் மவுஸைக் குறை சொல்வார்கள், கண் எரிந்தால் திரையை மாற்றுவார்கள். உடம்பு கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். குழுவில் நல்ல மனசுக்காரர்கள் வரிசையாக யோசனை சொன்னார்கள். அந்தக் கம்பெனி வாங்குங்க அக்கா, இந்த செட்டிங்கை மாத்துங்க அக்கா. அதற்குமுன் ஒரு வருடத்தில் அவள் மூன்று ஹெட்போன் மாற்றியிருந்தாள். மூன்றிலும் இடப்பக்கம் மந்தமாகவே இருந்தது. தன் ராசி அப்படி என்று விட்டுவிட்டாள்.

காணொளி வந்த இரண்டாம் நாள் மைக்செட்டிடமிருந்து செய்தி வந்தது. மேடைகளுக்கு ஒலிபெருக்கி கட்டிக் கொடுப்பது அவன் தொழில்; அதனால்தான் அந்தப் பெயர். "அக்கா, நாளைக்கு அஞ்சு மணிக்குப் பயிற்சி மைதானத்துக்கு வாங்க. நாம ரெண்டு பேர் மட்டும்."

பயிற்சி மைதானம் என்பது ஆட்டத்துக்குள் ஒரு வெறும் கொட்டடி. நாலு சுவர், மண் தரை. அவளை நடுவில் நிற்க வைத்து, முதுகுப் பக்கம் போனான்.

"திரும்பாதீங்க. நான் நடக்கறேன். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

"வலது."

"இப்போ?"

"வலதுதான்."

"இப்போ?"

"நடங்க, சொல்றேன்."

"நடந்துட்டுதான் இருக்கேன் அக்கா."

அவள் ஹெட்போனின் இடது கிண்ணத்தைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டாள்.

"ஹெட்போன் புதுசு," என்றாள். "ஆனா இடது பக்கம் வேலை செய்யல போல."

"சரி. அதைக் கழட்டி, திருப்பி மாட்டுங்க. இடது கிண்ணம் வலது காதுக்கு வரணும். திருப்பிச் சொல்லுங்க."

அவளுடைய வாக்கியத்தை அவளிடமே சொல்கிறான். சிரித்தபடி, "இடது கிண்ணம் வலது காதுக்கு," என்றாள். மாட்டினாள்.

"இப்போ நடக்கறேன்."

கேட்டது. தட் தட் தட். மணலில் அழுத்தி வைக்கும் பாதம், அதற்குப் பின்னால் துணி உரசும் சத்தம்வரை. செத்துக் கிடப்பதாக அவள் நினைத்த அந்த இடது கிண்ணம் கணீரென்று பேசியது.

"கேக்குது," என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போதுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது.

"அக்கா," என்றான் மைக்செட், மெதுவாக. "ஸ்பீக்கர் ஊமையா இருந்தா நான் முதல்ல ஒயரைத்தான் மாத்திப் போட்டுப் பார்ப்பேன். ஸ்பீக்கர் பேசிடுச்சுன்னா கோளாறு அந்தப் பக்கம் இல்ல. நாளைக்கே காது டாக்டரைப் பாருங்க. நாளைக்கே."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினாள். எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ சொடுக்கியது போல இருந்தது.

இடப்பக்கத்து நாற்காலியில் கணவர் வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வாய் அசைவதைக் கண்டு அவள் எழுந்து போய், அவரை எழச் சொல்லி, அந்த நாற்காலியை இழுத்து மேசையின் வலப்பக்கம் போட்டாள்.

"இப்போ கூப்பிடுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"கூப்பிடுங்களேன்."

கூப்பிட்டார். திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவரை வராத அழுகை வந்தது.

காதுச் சோதனை, ஸ்கேன், இன்னொரு ஸ்கேன். மருத்துவர் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை; அவர் முதலில் சொன்னதே அதைத்தான். முகத்தை அசைக்கும் நரம்பு அதை ஒட்டியே போகிறது என்று இரண்டாவதாகச் சொன்னார். மெதுவாக வளரும் கட்டியானால் தொடாமல் பார்த்துக்கொண்டே வரலாம். வேகமாக வளர்வதானால் காத்திருக்கக் கூடாது. பெரிதானால் எடுக்கும்போது முகம் ஒரு பக்கம் தொங்கிவிடும் ஆபத்து உண்டு, பேச்சு குழறலாம். எடுத்தால் அந்தக் காது முழுதாகப் போய்விடும்.

"எப்போலேருந்து கேக்கல?"

"தெரியல டாக்டர்."

"தோராயமா? நாலஞ்சு வருஷமா கொஞ்சம் கொஞ்சமாவா? இல்ல இந்த ஒரு வருஷத்துலயா?"

கணவரைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். வீட்டில் அது ஆட்டத்தின் குற்றம், அலுவலகத்தில் அவளுடைய திமிர். காது என்று யாரும் நினைக்காததால் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை.

"பழைய காதுச் சோதனை ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்," என்றார் மருத்துவர். "ஒண்ணும் இல்லாம நான் ஊகத்துல முடிவெடுக்கணும்."

அவளுக்குச் சட்டென்று பச்சைச் சட்டை உருவம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் தேதி ஓடியிருந்தது.

நடைபாதையில் வந்து குழுவின் பக்கத்தைத் திறந்தாள். காணொளி இல்லை. அதற்குப் பதிலாக வார்டனின் குரல் செய்தி ஒன்று இருந்தது. "அக்கா, மைக்செட் எல்லாம் சொன்னான். ராத்திரியே ஓட்டெடுப்பு நடத்தினோம். புயலுக்கு மூணு மாசத் தடை. அவன் ஏத்தின எல்லாத்தையும் அடியோட துடைச்சாச்சு. ஒரு துண்டு மிச்சம் இல்ல. நிம்மதியா இருங்க அக்கா."

கீழே வரிசையாகக் கோப முகங்கள். போன வாரம் சிரிப்பு முகம் போட்ட அதே பெயர்கள்.

அவர்கள் மனதார அவளுக்காகச் செய்தது அது. கோபப்படவும் முடியவில்லை. அவளுடைய ஒரு வருடத்துக் காது அந்தக் குப்பையோடு போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? மூலப் பதிவு ஒரே ஒருவனிடம் இருக்கும். அவன் எண்ணை வார்டனிடம் வாங்கினாள். எதற்கு என்று சொல்லவில்லை.

போன் மூன்றாவது தடவை மணியடித்ததும் எடுத்தான். பின்னால் கடைச் சத்தம். யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். புயல் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரியும். அவனுக்கு வயது முப்பத்தாறு, பிள்ளைகள் இரண்டு என்பது பிறகு தெரிந்தது. யாரோ வேலையில்லாத விடலை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"யாரு?"

"கன்ட்ரோல்."

ஒரு கதவு சாத்தும் சத்தம். கடை அடங்கியது.

"என்ன, செத்தானா இருக்கானான்னு பாக்கக் கூப்பிட்டீங்களா? நாலு வருஷம் விளையாடின இடம். ஒரே ராத்திரியில கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டீங்க."

"அதைப் பேசக் கூப்பிடல. நீங்க எடுத்த பதிவு வேணும். அந்த ஆறு நிமிஷம் மட்டும் இல்ல, நான் இருக்கற பழைய ஆட்டம் எல்லாம்."

"எதுக்கு? போலீஸுக்கா?"

"டாக்டருக்கு."

சொன்னாள். கட்டி, நரம்பு, எப்போலேருந்து என்ற கேள்வி, எல்லாவற்றையும் ஓட்டுநருக்கு வழி சொல்வது போல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள்.

"சரி," என்றான் கடைசியில். "தேடித் தரேன். முதல்ல நீங்க வார்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தடையை எடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

கேட்பார்கள்தான். ஒரே ஒரு வார்த்தை. மருத்துவமனைச் சுவரில் சாய்ந்து நின்றாள். எதிரே ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தின் ஒரு பாதி கீழே இறங்கியிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். தும்பியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"அது முடியாது," என்றாள்.

"ஏன்? உங்களைத்தானே திட்டினேன்? நீங்க மன்னிச்சா முடிஞ்சது."

"என்னை மட்டுமா திட்டினீங்க? அந்தத் தும்பிப் பொண்ணு? அவளுக்கும் சேத்துப் போட்ட தடை அது. அதை எடுத்து என் காதுக்கு விலையா குடுக்க எனக்கு உரிமை இல்ல."

"அப்போ எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

அவன் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"எப்போலேருந்து கேக்கலைன்னு எனக்குத் தெரியாது," என்றாள். "என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. என் பக்கத்து மேசைக்காரிக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பாக்கணும். திருப்பிச் சொல்லுங்க."

பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. அவன் திருப்பிச் சொல்லவில்லை. இணைப்பைத் துண்டித்தான்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. அவள் வேலைக்குப் போனாள். மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கொம்பைப் பற்றி மறுபடி பேசவில்லை, அவளுடைய மேசையை மட்டும் சுவரோரமாக நகர்த்திப் போடச் சொன்னார். பதினேழாம் எண் ஓட்டுநர் பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டார், விடுவித்தாள். மனதுக்குள் வெள்ளிக்கிழமை ஊகத்தில் முடிந்துவிடும் என்று தன்னைத் தயார் செய்துகொண்டாள்.

வியாழன் மதியம் பதிவுகள் வந்தன. கடிதம் இல்லை, மன்னிப்பு இல்லை. ஒரு கோப்புறை நிறையக் காட்சிகள், தேதி வாரியாக அடுக்கியிருந்தான். அவள் எதிர்பார்த்ததைவிட மிகப் பழையவையும் இருந்தன. தேடி எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அன்றன்று அவன் வைத்த பெயர் அப்படியே இருந்தது. மாற்ற நேரமில்லையோ, மனமில்லையோ தெரியாது.

வெள்ளிக்கிழமை மருத்துவர் தன் கணினியில் அவற்றைத் திறந்தார். பெயர்களைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கிழவிக்குக் குருட்டு அதிர்ஷ்டம்," என்று முதலாவதைப் படித்தார். "இது நீங்களா?"

"நான்தான் டாக்டர்."

பதினாலு மாதத்துக்கு முந்தைய காட்சி. இடப்பக்கம் காலடி கேட்கிறது. பச்சைச் சட்டை பட்டென்று இடப்பக்கம் திரும்பிச் சுடுகிறது. எதிரி விழுகிறான். தான் அப்படித் திரும்பக் கூடியவளாக இருந்தாள் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். கணவர் முன்னால் குனிந்து பார்த்தார். இதுவரை அவர் அவளுடைய ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"கிழவி மறுபடியும் குருட்டு அதிர்ஷ்டம். கிழவி லேட். கிழவி ரொம்ப லேட்." மருத்துவர் ஒவ்வொன்றாக ஓட்டினார். காலடிக்கும் அவள் திரும்புவதற்கும் நடுவே இடைவெளி காட்சிக்குக் காட்சி நீண்டது. ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்புவதே நின்றது. "கிழவி சிலை. கிழவி சிலை இரண்டு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"எட்டு மாசத்துல போயிருக்கு," என்றார் மருத்துவர். "இதை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டேன். ஆனா ஸ்கேனும் இதுவும் ஒண்ணா ஒரே பக்கம் கையைக் காட்டுது. காத்திருக்க வேண்டாம். இப்போ சின்னதா இருக்கறப்பவே எடுத்துடலாம்." பிறகு, "யார் எடுத்தது இது? இவ்வளவு ஒழுங்கா யாரும் எனக்குக் கொண்டு வந்ததில்ல."

"என்னைப் பிடிக்காத ஒருத்தர்," என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் புயலுக்கு ஒரு வரி அனுப்பினாள்: கிடைத்தது, உதவியது, நன்றி. அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை. அவன் நல்லவனாகிவிட்டான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதைக் கொடுத்தான், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். தடையைக் குறைக்கலாமா என்று வார்டன் ஒரு நாள் கேட்டபோது, "தும்பியைக் கேளுங்க," என்றாள். தும்பியின் பழைய எண்ணுக்கு வார்டன் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

போன ஞாயிறு மாலை லேட் பார்ட்டியில் சாவுப் பாடம் நடந்தது. அன்று அவள் நான்கு முறை செத்தாள், நான்கும் இடப்பக்கம். விதிப்படி செத்தவர் முதலில் பேச வேண்டும்.

"எனக்கு இடது காது கேக்காது," என்றாள். "அடுத்த தடவை என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

மைக்செட்தான் முதலில் பேசினான். "அக்காவை வரிசையோட இடது ஓரத்துல நிறுத்துவோம். சுவரை ஒட்டி. அப்போ இடப்பக்கம் சுவர்தான் இருக்கும். சுவர் எங்க நடந்து வரப்போகுது?"

"சுவர் வந்தாலும் வரும்," என்றான் இன்னொருவன். "நம்ம அணி அப்படி."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் இடம் இடது ஓரம்.

அறுவை சிகிச்சை வருகிற செவ்வாய் காலை. மகள் திங்களன்றே வந்துவிடுகிறாள். ஆறு வாரம் வேலைக்கும் போகக் கூடாது, ஆட்டத்துக்கும் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை லேட் பார்ட்டியில் இடது ஓரத்தைக் காலியாக வைத்து ஐந்து பேராகவே ஆடப்போகிறார்கள்.